ரிசோர்ஸ் அறைக் கதவு

போன மாதம் நம் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு வீடியோ போட்டிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில், பார்வையற்றவர்கள் காலால் தடவி நடப்பதற்காகப் பதித்திருக்கும் மஞ்சள் கற்களின் மேல் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. வெள்ளைக்கோல் பிடித்த ஒரு கிழவி முதல் மோட்டார் சைக்கிளை இரண்டு கையாலும் தள்ளிச் சாய்க்கிறாள். கண்ணாடி உடைகிறது. சாப்பாட்டுக் கடையிலிருந்து ஓர் ஆள் கத்திக்கொண்டு ஓடி வருகிறான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த மோட்டார் சைக்கிளைக் கோலால் துழாவுகிறாள். சத்தத்தை நானே கேட்டேன். மற்றதை என் மகள் சொன்னாள்.

அதற்குக் கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் என் கைப்பேசி எனக்குப் படித்துக் காட்டியது. “பாவம் லா, மூளை சரியில்ல போல” என்று ஒருவர். “வீட்டுல யாரும் இல்லையா, இப்படித் தனியா விட்டுட்டாங்க” என்று ஒருவர். கடைசியில் ஒருவருக்குத்தான் அடையாளம் தெரிந்தது. “இது நம்ம ரிமூவ் கிளாஸ் பொண்ணு. கதவு ஆக்சிடெண்ட்ல விரல் போச்சே, அந்த ஆளு.”

அவளுக்கு மூளை சரியாகத்தான் இருக்கிறது. ஒரு வங்கியில் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் மோட்டார் சைக்கிளைச் சாய்ப்பது அது முதல் தடவையும் இல்லை. அதை விடுங்கள். அந்தக் கதவு ஆக்சிடெண்ட் இல்லை. கதவைச் சாத்தியவள் நான். உங்களில் பாதிப் பேர் அன்று வெளியே வராந்தாவில் நின்றீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. இந்த வயதில் அதைச் சொல்லாமல் வைத்திருந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ரிமூவ் வகுப்பை நம் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த நாம் இடைநிலைப்பள்ளிக்குப் போனால் நேராக முதல் படிவத்தில் உட்கார முடியாது. அங்கே பாடம் நடக்கும் மொழியைப் பழகுவதற்கென்று ஒரு வருடம் அந்த வகுப்பில் கிடக்க வேண்டும். நமக்குப் பதின்மூன்று வயது. கடைசிக் கட்டடத்தில், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில், மழை பெய்தால் லொங்காங் சாக்கடைத் தண்ணீர் படியேறி வரும் அறை. சாக்கட்டித் தூளும் நனைந்த காலணியும் கலந்த வாடை அந்த அறைக்கு.

அப்பா ரயில்வேயில் பெட்டிகளை இணைக்கும் வேலை செய்தார். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்த வீட்டில் நான் வாங்காத அடி இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு மாட்டும் ரப்பர் டியூபில் ஒரு முழம் வெட்டி, அதற்கென்றே கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தார். நான் செய்த குற்றங்கள் இவை: தரையில் வைத்திருந்த குழம்புச் சட்டியை மிதித்தேன். தவழும் தம்பியின் கை மேல் ஏறினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஆன்டியின் மேல் போய் முட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல் நின்றேன்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று அம்மா கேட்பார். அப்பா அப்படிக் கேட்க மாட்டார். அவர் சோதனை செய்வார். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடிப்பார்.

“இது என்ன?”

“ஊசி.”

“கோத்துக் காட்டு.”

ஒரே தடவையில் கோத்துவிடுவேன். உண்மையிலேயே என்னால் முடியும். தமிழ்ப் பத்திரிகையின் பொடி எழுத்து மரண அறிவிப்பையும் படிப்பேன்.

“ஊசியோட ஓட்ட தெரியுது. சட்டி தெரியலயா?” என்று டியூபை எடுப்பார்.

எனக்கே பதில் தெரியாது. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மூங்கில் துண்டின் வழியே பார்ப்பதுபோல, நேர் எதிரே உள்ள சிறு வட்டம் மட்டும் தெளிவாக இருக்கும். மற்றவர்கள் என்னைவிடச் சாமர்த்தியமாகத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள், நான் சோம்பேறி, அதனால் அடி வாங்குகிறேன் என்றே நம்பியிருந்தேன்.

பள்ளியிலும் அதேதான். டிசிப்ளின் மாஸ்டரை உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஆள்தான், தமிழர். பின்பக்கம் கை கட்டிக்கொண்டு ரொத்தான் பிரம்பைத் தொடையில் தட்டியபடி நடப்பார். முதல் வாரமே வராந்தாவில் அவர் மேல் மோதி அவர் கையிலிருந்த தேநீரைக் கொட்டினேன். “திமிர் புடிச்ச கழுத” என்று உள்ளங்கையில் நான்கு கொடுத்தார். இரண்டாம் வாரம் படியில் அவர் நிற்பது தெரியாமல் வணக்கம் சொல்லாமல் போனேன். அதற்கு இரண்டு. அவரைப் பொறுத்தவரை நான் அடங்காத பிள்ளை.

அந்த வருடம்தான் நம் பள்ளியில் பார்வையற்ற பிள்ளைகள் நான்கு பேரைச் சேர்த்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்களுக்கு ஒரு ஹாஸ்டல் இருந்தது. காலையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வருவார்கள். பாதிப் பாடங்களுக்கு நம்மோடு உட்காருவார்கள். மீதி நேரம் நூலகத்துக்குப் பக்கத்தில் உள்ள அறையில் அவர்களுக்கென்று ஒரு டீச்சர் இருந்தார். ரிசோர்ஸ் டீச்சர் என்போம். பாடப்புத்தகத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றிக் கொடுப்பது, அவர்கள் புள்ளியில் எழுதியதை மற்ற ஆசிரியர்களுக்குச் சாதாரண எழுத்தில் எழுதிக் கொடுப்பது, நடக்கப் பழக்குவது எல்லாம் அவர் ஒருவர்தான். நாள் முழுவதும் அந்த அறையில் பிரெய்ல் மெஷின் தடக் தடக் என்று அடித்துக்கொண்டேயிருக்கும். வரி முடிந்தால் ஒரு மணி ஒலிக்கும்.

நான்கு பேரில் நம் வகுப்புக்கு வந்தவள்தான் வீடியோவில் நீங்கள் பார்த்தவள். தெலுக் பங்லிமா காராங் பக்கத்துப் பிள்ளை. ஒல்லியாக, உயரமாக, யாராவது தொட்டால் கையை வெட்டி உதறுவாள். வகுப்பாசிரியை அவளை என் பக்கத்து மேசையில் உட்கார வைத்தார்.

“போர்டுல உள்ளத இவளுக்குப் படிச்சு சொல்லு. உனக்குத்தான் வாசிப்பு நல்லா வருது.”

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கரும்பலகை பெரியது. என் வட்டத்துக்குள் நான்கைந்து எழுத்துதான் நிற்கும். ஒரு வரியின் முடிவுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த வரி எங்கே என்று தெரியாது. ஒரு கணக்கின் தலையை இன்னொரு கணக்கின் வாலோடு சேர்த்துப் படித்தேன். அவள் குத்தூசியால் கெட்டித் தாளில் டக் டக் என்று குத்திக்கொண்டு போவாள். விடை தப்பாக வரும். ஒரு வாரம் பொறுத்தாள்.

“வேணும்னே தப்பு தப்பா சொல்றியா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“அப்ப ஒண்ணு சொல்லு. எனக்கு வலது பக்கம் யாரு நிக்குறா?”

பார்த்தேன். யாரும் தெரியவில்லை. “யாரும் இல்ல” என்றேன். வகுப்பே சிரித்தது. மானிட்டர் அங்கேயே நின்றுகொண்டு மூச்சை அடக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேசைக்காரி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “உனக்கும் சரியாத் தெரியல” என்றாள். “மூச்சு விடுறது எனக்கே கேக்குது. உனக்கு ஆளே தெரியல.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவளை அப்படியே கொன்றுபோட்டிருப்பேன். சோம்பேறி என்றால் திருந்தலாம். திமிர் என்றால் அடி வாங்கிக்கொள்ளலாம். குருடி என்றால் ஹாஸ்டல். தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வரிசை. வீட்டில் ஒரு குருடி இருந்தால் அக்காவைப் பெண் பார்க்க வருபவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று அம்மா யாரைப் பற்றியோ சொன்னது காதில் இருந்தது. அன்றிலிருந்து அவளை அடிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கிள்ளல். பிறகு அவள் உட்காரும்போது நாற்காலியை நகர்த்துவது. அதற்கு நீங்களும் சிரித்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். நாற்காலியை எனக்கு நகர்த்திக் கொடுத்தவர்கள் உங்களில் இருவர். அவள் விழுந்தால் அழ மாட்டாள். எழுந்து, கைக்கு எட்டிய முகத்தில் ஓர் அறை கொடுப்பாள். பாதி நேரம் தப்பான முகத்தில் விழும்.

வரலாற்றுப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை. ஓய்வு நேரத்தில் அவள் பையிலிருந்து குறிப்புத் தாள்களை எடுத்தேன். ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து குத்திய புள்ளிகள். மர அடிமட்டத்தின் விளிம்பால் ஒவ்வொரு பக்கமாக அழுத்தித் தேய்த்தேன். புள்ளிகள் நசுங்கும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், பேன் நசுக்குவதுபோல. இருபது பக்கம் இருக்கும். அப்படியே மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் அவள் தாளை மேசையில் விரித்து வலது ஆள்காட்டி விரலால் தடவினாள். திருப்பித் தடவினாள். அடுத்த தாள். அடுத்தது. பிறகு பிரெய்ல் எழுதும் ஸ்லேட்டை எடுத்தாள். அது கீல் வைத்த உலோகச் சட்டம், கனமானது. என் மூச்சு எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டாள். வீசினாள். என் இடது புருவம் பிளந்தது. நான் அவள் தலைமுடியைப் பிடித்துத் தரையில் சாய்த்தேன். மேசைகள் உருண்டன. என் கையை அவள் கடித்த இடத்தில் தழும்பு இப்போதும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. நீங்கள் வட்டமாக நின்று மேசையைத் தட்டினீர்கள்.

டிசிப்ளின் மாஸ்டர் வந்து இருவரையும் பிரித்தார். என் கையை நீட்டச் சொல்லி மூன்று கொடுத்தார். ரொத்தான் காற்றைக் கிழிக்கும் சத்தத்தை அவளும் எண்ணியிருக்க வேண்டும். மூன்றாவது விழுந்ததும் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“சார், மொதல்ல அடிச்சது நான்தான். அவ கண்ணுகிட்ட கிழிச்சது நான்.”

“நீ போம்மா” என்றார் அவர். “ஒனக்கு ஆண்டவனே தண்டன குடுத்துட்டான். நான் வேற எதுக்கு?”

அவள் நகரவில்லை. “என்னையும் அடிங்க சார்.”

அவர் அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் அதைக் கருணை என்றுதான் நினைத்திருப்பார். அவள் வெகுநேரம் கையை நீட்டியபடியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒனக்கு மூணு, எனக்கு ஒண்ணும் இல்ல. அசிங்கமா இருக்குடி” என்றாள். அன்று அது எனக்குப் புரியவில்லை. அதிர்ஷ்டக்காரி என்றுதான் நினைத்தேன்.

வரலாற்றில் அவள் தோற்றாள். அதற்கு மறுநாள்தான் கதவு.

காலையிலிருந்து மழை. ஓய்வு நேரத்தில் மானிட்டர் வந்து, “அவ டீச்சருக்கு உன்னப் பத்தி லெட்டர் எழுதி வெச்சிருக்கா. ரிசோர்ஸ் ரூம்ல மெஷின்ல அடிச்சத நான் பாத்தேன்” என்றாள். ஓடினேன். வழியில் இரண்டு தூணில் இடித்துக்கொண்டேன். அறையில் டீச்சர் இல்லை. மேசையின் மேல் ஒரே ஒரு கெட்டித் தாள், நிறையப் புள்ளிகளோடு. எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருப்பாள் என்று தெரியும்: இவளும் குருடி. தாளை எடுத்து மடித்துச் சீருடைப் பைக்குள் திணித்துத் திரும்பினால் வாசலில் அவள் நிற்கிறாள். பின்னால் வராந்தாவில் உங்கள் குரல்கள்.

“யாரு அது?” என்றாள். பிறகு மூச்சைக் கேட்டுவிட்டு, “நீயா. என் லெட்டரக் குடு” என்றாள்.

“என்ன லெட்டர்?”

“தாள் மடிக்கிற சத்தம் கேட்டுச்சு. குடுடி.”

கதவு கனமான பழைய மரக்கதவு. அவளை வெளியே வைத்துச் சாத்திவிட்டுத் தாளைக் கிழிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. முழு பலத்தோடு தள்ளினேன். கதவு பொருந்தவில்லை. எங்கோ மெத்தென்று தட்டி நின்றது. அவள் முகம் மட்டும் இடுக்கில் என் வட்டத்துக்குள் இருந்தது. வாய் திறந்திருந்தது. அதிலிருந்து சத்தம் வரவில்லை. அவள் வலது கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. அது என் வட்டத்துக்கு வெளியே.

நான் தோளைக் கொடுத்து இரண்டாம் முறை தள்ளினேன்.

அப்போதுதான் அவள் அலறினாள். உங்களுக்குக் கேட்டது இரண்டாம் முறை தள்ளியதற்கு வந்த அலறல்தான்.

ரிசோர்ஸ் டீச்சர் எங்கிருந்தோ ஓடி வந்து கதவைத் திறந்தார். தரையில் ரத்தத்தைப் பார்த்தார். என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். வலது கன்னம். காது அடைத்துக்கொண்டது. பிறகு சேலைத் தலைப்பால் அவள் கையைச் சுற்றி ஒரு ஆசிரியரின் காரில் தூக்கிக்கொண்டு போனார்.

என்னைத் தலைமையாசிரியர் அறையில் நிறுத்தினார்கள். டிசிப்ளின் மாஸ்டர் என் பையிலிருந்த தாளை எடுத்தார். படிக்க அங்கே யாருக்கும் தெரியாததால் அது மேசையில் கிடந்தது. பிறகு உள்ளங்கையில் பத்து. அதற்கு மேல் நான் எண்ணவில்லை. பள்ளி விடும் நேரத்தில் அப்பா வந்தார், வேலைச் சட்டையோடு, கிரீஸ் வாடையோடு. அவர் வந்த கொஞ்ச நேரத்தில் டீச்சரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். சேலையில் ரத்தம் காய்ந்து பழுப்பாக இருந்தது.

“ஆள்காட்டி விரல்ல மேல் கணுவ எடுத்துட்டாங்க” என்றார். “அவ படிக்கிற விரல் அது.”

அப்பா இடுப்புப் பெல்ட்டை உருவினார். தலைமையாசிரியர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் அடி தொடையில். இரண்டாவதில் பக்கிள் முழங்கையில் பட்டது. அப்பா அடிக்கும்போது பேச மாட்டார். மூச்சு மட்டும் விடுவார். நான் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றேன். அப்படி நின்றால் சீக்கிரம் முடியும் என்பது பழக்கம்.

டீச்சர் மேசையிலிருந்த தாளை எடுத்தார். புள்ளிகளைக் கண்ணாலேயே படிப்பார் அவர். படித்துக்கொண்டே நிமிர்ந்தார். திரும்பப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பா இடப்பக்கமிருந்து வீசினார். பெல்ட் தோளில் விழுந்த பிறகுதான் நான் துள்ளினேன். வலப்பக்கமிருந்து வீசினார். அப்போதும் விழுந்த பிறகுதான். நேராக வந்து கையை ஓங்கியபோது மட்டும் கண்ணை மூடினேன்.

“நிறுத்துங்க” என்றார் டீச்சர்.

“என் புள்ள டீச்சர். நான் அடிப்பேன்.”

டீச்சர் குறுக்கே வந்தார். ஓங்கிய பெல்ட் அவர் மணிக்கட்டில் விழுந்தது. அப்பா பதறி நின்றார். டீச்சர் கையைத் தேய்த்துக்கூட விடவில்லை. என் முன்னால் மண்டியிட்டார்.

“என் மூக்கையே பாரு. வேற எங்கயும் பாக்காத. என் கை எப்பத் தெரியுதோ, அப்பச் சொல்லு.”

மூக்கைப் பார்த்தேன். வெகுநேரம் எதுவும் வரவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் டீச்சரின் கன்னத்தை ஒட்டி ஒரு விரல் முளைத்தது. “இப்ப” என்றேன். இன்னொரு பக்கமும் அப்படியே.

“நடிக்கிறா டீச்சர்” என்றார் அப்பா. “ஊசி கோக்குறா. நானே பாத்திருக்கேன்.”

“ஊசி தெரியும். ஊசி புடிச்சிருக்கிற உங்களத் தெரியாது. அந்தக் கை வர்றது இவளுக்குத் தெரியவே இல்ல, அண்ணே. அடி எந்தப் பக்கம் வரும்னு தெரியாமலே இவ்ளோ வருஷம் வாங்கியிருக்கா.”

பிறகு அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார். உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘டீச்சர், என் பக்கத்தில் உட்காருகிறவள் மோசமானவள். என் வரலாற்று நோட்டை நாசம் செய்தாள். ஆனால் அவளுக்குக் கண் சரியில்லை. போர்டில் வரியை விட்டுவிடுகிறாள். பக்கத்தில் நிற்கிற ஆளைத் தெரியவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. சார் அவளைச் சும்மா அடிக்கிறார். நோட்டுக்காக அடிக்கட்டும். கண்ணுக்காக அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.’

அப்பா பெல்ட்டைத் திரும்ப மாட்டினார். கால்சட்டை வளையங்களில் பாதியை விட்டுவிட்டுச் சுற்றினார். டிசிப்ளின் மாஸ்டர் ரொத்தானை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு டீச்சர் சொன்னார். எனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர் என் கண்ணில் மருந்து விட்டுப் பார்த்து, வட்டம் சுருங்கிக்கொண்டே போகும், ஒரு நாள் மூடிவிடும் என்றார். அப்பா அதன் பிறகு என்னை ஒருநாளும் அடிக்கவில்லை. பேசவும் இல்லை. ரப்பர் டியூபை அடுப்பில் போட்டார். வீடு முழுக்கக் கருகல் நாற்றம் இரண்டு நாள் நின்றது. அதற்கு அடுத்த வாரம் என்னைக் கிள்ளானில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார். இனி யாரும் என்னை அடிக்காத இடம் அதுதான் என்று நினைத்திருக்கிறார். இப்போது எனக்கு அன்றைய அவரைவிட வயது அதிகம். அவர் மேல் கோபம் குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை.

மாமி கெட்டவர் இல்லை. ஆனால் விருந்தாளி வந்தால் என்னைப் பின் அறைக்குப் போகச் சொல்வார். துறைமுகத்துக்குப் போகும் லோரிகளின் சத்தத்தை எண்ணிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பேன். சனிக்கிழமைதோறும் ரிசோர்ஸ் டீச்சர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பஸ் ஏறி வருவார். பையில் ஸ்லேட், குத்தூசி, கெட்டித் தாள். முதல் வாரம் எல்லாவற்றையும் சன்னல் வழியே லொங்காங்கில் எறிந்தேன். இரண்டாம் வாரம் வேறு கொண்டுவந்தார். அதையும் எறிந்தேன். மூன்றாம் வாரம் அவர் சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“அன்னிக்கு ஒன்ன அறைஞ்சேன். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்” என்றார். “அது அவ விரலுக்கு. ஒனக்குக் கண்ணு தெரியலங்கிறது வேற. அவ நோட்ட நீ தேச்சது வேற. ஒண்ணக் காட்டி இன்னொண்ண மறைக்காத. மறைச்சா வாழ்க்கை பூரா மறைச்சுக்கிட்டே இருப்ப.”

நான் அவர் சாத்திய சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அவ திரும்ப ஸ்கூலுக்கு வந்துட்டா. இடது கையில மொதல்லருந்து படிக்கிறா. நீ எப்ப வருவேன்னு கேக்குறா.”

“எதுக்கு?”

“எங்கிட்டச் சொல்லல.”

மாமாவிடமும் அப்பாவிடமும் டீச்சர் என்ன சண்டை போட்டார் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து அப்பா வந்து என்னைக் கூட்டிப் போனார். இந்தத் தடவை கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பு நோகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். பஸ் முழுக்க விடவில்லை.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் என்னை ரிசோர்ஸ் அறைக்குப் போகச் சொன்னார்கள். டீச்சர் அலுவலகத்தில் இருந்தார். உள்ளே பக்கத்து மேசைக்காரி தனியாக இருந்தாள். நான் வாசலில் நின்றதுமே தலையைத் தூக்கினாள்.

“வந்துட்டியா. உள்ள வராத. அங்கயே நில்லு.”

எழுந்து வந்தாள். என் வலது கையைத் தேடிப் பிடித்தாள். அவள் பிடியில் ஒரு விரல் குட்டையாக, நுனியில் தோல் வழுவழுப்பாக இருந்தது. என் கையைக் கொண்டுபோய்க் கதவு நிலையில் வைத்தாள். சரியாக எந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“எடுக்காத” என்றாள்.

எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். அவளைவிட எனக்குப் பலம் அதிகம். அவள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வந்தாள். மரம் என் விரல்களில் படும்வரை, பிறகு அழுத்தும்வரை.

“மொத தடவ தள்ளுனப்ப ஒனக்கு என் கை தெரியல. அத நம்புறேன். ரெண்டாவது எதுக்குத் தள்ளுன?”

“கதவு மழையில ஊறிப் போச்சுன்னு நெனச்சேன்.”

அவள் இன்னும் அழுத்தினாள்.

“தெரியாதுடி. நெஜமாத் தெரியாது.”

தோளைக் கொடுத்தாள். ஆள்காட்டி விரலில் ஏதோ பிளந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“தெரியும்” என்றேன். “கை இருக்குதுன்னு தெரியும்.”

உடனே கதவைத் திறந்துவிட்டாள். இருவருக்கும் மூச்சு இரைத்தது. நகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. பத்து நாளில் விழுந்துவிட்டது.

அந்தப் பதில் உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். அடித்தால் எதையும் ஒத்துக்கொள்ளப் பழகிய பிள்ளை நான். மெத்தென்று தட்டியதும் உள்ளுக்குள் ஒரு நொடி எதையோ அறிந்தேன், அறிந்தும் தள்ளினேன் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது. இத்தனை வருடம் அவளோடு பழகியும் அவள் மறுபடி கேட்டதில்லை.

அப்போது டீச்சர் உள்ளே வந்தார். நிலையில் ரத்தக் கோடு, என் விரல், கதவுப் பிடியில் இன்னும் அவள் கை.

“யாரு செஞ்சது இது?” என்றார். அவர் குரல் அவ்வளவு பயந்து நான் கேட்டதில்லை. இரண்டு பேரையும் ஒரே அறையில் விடக் கூடாது என்று தலைமையாசிரியர் முன்பே எச்சரித்திருந்தாராம். இது வெளியே தெரிந்தால் அவளை அந்தப் பள்ளியில் வைத்திருக்க மாட்டார்கள். குருட்டுப் பிள்ளைகளே வேண்டாம் என்று நான்கு பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அவள் வாயைத் திறந்தாள். ‘என்னையும் அடிங்க’ என்று நின்றவள். உண்மையைத்தான் சொல்லப் போகிறாள் என்று மட்டும் தெரிந்தது.

நான் முந்திக்கொண்டேன்.

“நானே கதவுல கைய நசுக்கிக்கிட்டேன், டீச்சர். எனக்குக் கண்ணு தெரியாது.”

அந்த வாக்கியத்தை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

டீச்சர் கதவுப் பிடியிலிருந்து அவள் கையை எடுத்துவிட்டார். பிறகு அலமாரியிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துக் கட்டிவிட்டு, அலுவலகத்தில் மீதி வேலை இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். போகும்போது கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை அணைத்து வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து மேசைக்காரி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துத் தட்டினாள்.

“ஒழுங்காப் பொய் சொல்லக்கூடத் தெரியல ஒனக்கு” என்றாள். “இடது கையக் குடு. நானும் அதுலதான் படிக்கிறேன்.”